இருக்கன்குடி ஆற்றோரம்... வீடு உண்டு, பத்திரம் இல்லை!

விருதுநகர் மாவட்டம் சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. இரண்டு ஆறுகளையும் கங்கையாகக் கருதி ‘இருகங்கைக்குடி’ என்று அழைத்ததே இந்தப் பெயரானது என்கிறார்கள். ஆடி கடைசி வெள்ளிக்குச் சுற்றுவட்டார மக்கள் நடந்தே வந்து மாரியம்மனைக் கும்பிடுவார்கள்.

சாணம் பொறுக்க வந்த பெண் இறக்கிவைத்த கூடையை மறுபடி தூக்க முடியவில்லையாம். அங்கே தோண்டியபோது கிடைத்ததுதான் அம்மன் சிலை என்கிறது தல வரலாறு. தனக்கான இடத்தை அம்மனே தேர்ந்தெடுத்தாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

அதே அர்ச்சுனா நதியின் மேல்பக்கம், சிவகாசி அருகே ஆனைக்குட்டம் அணை. விருதுநகர் பக்கம் கௌசிகா நதியில் குல்லூர்சந்தை அணை. இந்த இரண்டு ஊர்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்த குடும்பங்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் இத்தகைய முகாம்களில் வாழ்கிறார்கள்.

தமிழகம் முழுக்க முகாம்களில் பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு அறிவித்தது. தகரக் கூரைக்குப் பதில் கான்கிரீட் கூரை கிடைப்பது பெரிய நிம்மதிதான். ஆனால் அது குடியிருக்க மட்டுமே. விற்கவோ, அடமானம் வைத்துக் கடன் வாங்கவோ முடியாது.

‘உழைத்துச் சேர்த்த காசில் வெளியே ஒரு சென்ட் வாங்கலாமே?’ என்று கேட்கத் தோன்றும். அதற்கும் வழியில்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்ட விதிகளின்படி, இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வீடோ நிலமோ வாங்க முடியாது. 5 ஆண்டுகளுக்கு மிகாத குத்தகைக்கு மட்டும் அனுமதி உண்டு. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து நீண்டகால விசாவில் இருக்கும் சிறுபான்மையினர், தாங்கள் வசிக்க ஒரு வீடு வாங்கலாம். அந்தச் சலுகை இலங்கைத் தமிழருக்கு இல்லை.

1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அதனால் தங்கள் பெயரிலேயே நிலம் வாங்கிப் பதிவுசெய்ய முடிந்தது. 1983-க்குப் பிறகு கனடா போனவர்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்ததும் வீடு வாங்கத் தடையில்லை.

ஆகவே, இங்கே வீடு என்பது காசு பிரச்னை மட்டுமல்ல, குடியுரிமைப் பிரச்னையும்கூட. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்கள், சட்டப்படி பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். முகாமில் அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருப்பது மிக முக்கியம். நாளை ஒரு வீட்டுப் பத்திரத்தில் அவர்கள் பெயர் ஏறுவதற்கு அந்தக் காகிதம்தான் முதல் படி.