காரை களிமண்ணுக்குள் ஒரு கடல்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பாடாலூர் வரைக்கும் பெரும்பாலும் செம்மண்ணும் பாறைக் கரடும்தான். மேற்கே செட்டிகுளம் பக்கம் திரும்பினால் சின்ன வெங்காயம். கிழக்கே திரும்பி ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம் என்று போகும்போது சில கிலோமீட்டருக்குள் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. செம்மண் விலகிக் கரிசல் வருகிறது, பருத்தியும் மக்காச்சோளமும் வருகின்றன. மண் மாறும் இந்த இடம் ஒரு பழைய கடற்கரை. மேற்கே இருப்பது ஆதிகாலக் கருங்கல் நிலம். கிழக்கே இருப்பது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி வந்து, சேறும் சிப்பியும் படிந்து இறுகிய தரை. அந்தக் கோட்டின் மேல்தான் இந்த வட்டார விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக உழுதுவருகிறார்கள்.

காரையை ஒட்டிய ஓடைக்காட்டில் நின்றால் இது நன்றாகத் தெரியும். மழை அரித்து அரித்து, செடி கொடி அதிகம் இல்லாத மஞ்சளும் சாம்பலுமான களிமண் மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. வெயிலில் அங்கங்கே கண்ணாடித் துண்டு போல மின்னுவது ஜிப்சம். நிலக்கடலைக்கு விழுது இறங்கும் 40–45-ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ இட்டு மண் அணைக்கிறார்களே, அதே ஜிப்சம்தான். கடற்சேற்றில் இருந்த கந்தகமும் சிப்பி ஓடுகளின் சுண்ணாம்பும் சேர்ந்து, களியின் வெடிப்புகளில் பாளம் பாளமாகப் படிந்திருக்கிறது. இதே களியில் பாஸ்பேட் உருண்டைகளும் உண்டு. உரமாகப் பயன்படுமா என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே பார்த்தார்கள். எளிதில் கரைந்து பயிருக்குப் போய்ச் சேரும் சரக்கு இல்லை என்பதால் அது பெரிதாகக் கைகூடவில்லை.

அந்தக் களியில் சுருள் சுருளாக, ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்த கற்கள் கிடைக்கும். பார்த்தவுடன் நத்தை என்றுதான் தோன்றும். அது நத்தை அல்ல, அம்மோனைட். கணவாய்க்கு உறவான, ஓட்டுக்குள் இருந்து நீந்திய பிராணி. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்து பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமமும் இதே இனத்தின் கல்லான வடிவம்தான். துப்பாக்கிக் குண்டு போல நீண்டு கூராக இருப்பவை பெலம்னைட், அதுவும் கணவாயின் தாயாதி. சுறாப் பற்களும் உண்டு. மீன்பல்லி என்று சொல்லத்தக்க இக்தியோசார் என்ற கடல்வாழ் ஊர்வனவற்றின் பற்களும் முதுகெலும்புத் துண்டுகளும் இந்தப் படிவுகளில் கிடைத்துள்ளன. உருவத்தில் டால்பின் போலிருந்தாலும் அது பாலூட்டி அல்ல. டைனோசர்கள் அழிவதற்கு வெகுகாலம் முன்பே, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இனம் பூண்டோடு போய்விட்டது.

இதே வட்டாரத்தில் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று ஓடையில் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். ஆற்றோடு கடலுக்கு வந்து சேற்றில் புதைந்த மரம். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இதை வெளியுலகுக்குச் சொன்னார். இன்று வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் சில்லு பெயர்த்துக்கொண்டு வராமல் இருந்தால் போதும்.

கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறைகிறது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில், கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் பெயர்பெற்ற அந்த ஊர்ப் பக்கத்தில், உள்ளங்கை கனத்துக்குச் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக நிறைந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அரியலூரில் இத்தனை சிமெண்டு ஆலைகள் வந்ததற்கு இந்தச் சிப்பிகள்தான் காரணம். இன்னும் தள்ளிச் செந்துறைப் பக்கம் உள்ள நின்னியூர் சுண்ணாம்புக்கல் அதற்கும் பிந்தியது. அதில் அம்மோனைட்டின் தூரத்து உறவான நாட்டிலஸ் உண்டு, அம்மோனைட் இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் அம்மோனைட் இனம் முழுவதும் முடிந்துபோனது. டைனோசர்களும் அத்தோடு போயின. அரை நாள் பயணத்தில் இந்த அழிவின் இருபுறத்தையும் பார்த்துவிட முடிகிற இடங்கள் அதிகம் இல்லை.

இந்த இரண்டு சுண்ணாம்புக்கல்லுக்கும் இடைப்பட்ட காலத்தில் கடல் பின்வாங்கி, ஆறுகள் மணலும் களியும் கொண்டுவந்து பரப்பின. அந்தப் படிவு இருக்கும் ஊர் கல்லமேடு. அங்கே கிடைத்த பெரிய எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1980-களின் பிற்பகுதியில் விவரித்து, பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். முதலில் ஊன் தின்னும் வகை என்று எண்ணினார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தழை தின்னி என்று தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாகப் பேசப்படும் ஆர்ஜென்டினோசாரஸுக்கு முழங்காலுக்குக் கீழே கிடைத்த எலும்பு 1.55 மீட்டர்தான்.

ஆனால் அந்த எலும்பு இன்று எங்கும் இல்லை. மழையில் ஊறி, தோண்டும் இடத்திலேயே விரிசல் விட்டு, பொதிந்து கட்டியும் நிற்காமல் பொடிந்துவிட்டது. ஈரத்தில் உப்பி, கோடையில் வெடிக்கும் களி என்ன செய்யும் என்று கரிசல்காட்டில் வீடு கட்டியவரிடம் கேட்டால் சொல்வார். எஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும். எலும்பே இல்லாததால், அது மரக்கட்டையாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். பழைய புகைப்படங்கள் 2022-இல் வெளியான பிறகுதான் அந்தப் பேச்சு ஓரளவு தணிந்தது. உலகின் மிகப் பெரிய தரைவாழ் விலங்கு அரியலூர்க்காரனாக இருந்திருக்கலாம். அதை நிரூபிக்கக் கையில் ஒரு துண்டு இல்லை.

நேர்மாறான கதையும் உண்டு. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று செல்போனில் செய்தி பரவி, ஊரே திரண்டுவிட்டது. வல்லுநர்கள் வந்து பார்த்து, முட்டை அல்ல, அம்மோனைட் போன்ற உயிரியைச் சுற்றிக் கடற்சேறு உருண்டு இறுகிய கல் என்றார்கள். முட்டை இல்லை என்றதும் பலருக்கு ஆர்வம் போய்விட்டது. அந்த உருண்டையும் கடல் இருந்ததற்குச் சாட்சிதான்.

இந்தச் சாட்சிகளை முதலில் பார்ப்பவர் ஆய்வாளர் அல்ல. கிணறு வெட்டுகிறவரும், வண்டல் எடுக்கிறவரும், ஜேசிபி ஓட்டுகிறவரும்தான். ஓடைக்கரைகளில் கிராவல் மண் அள்ளும்போது லாரியோடு போவது என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. அசாதாரணமான கல்லோ எலும்போ தென்பட்டால் பெயர்த்து எடுக்காமல், தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளலாம். பக்கத்தில் மண்வெட்டியை வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரியும். மழைக்காலம் என்றால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம். அரியலூர் அருகே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. படத்தோடு அங்கே போனால் கல் என்னவென்று கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளையும் கூட்டிப்போனால், தங்கள் காட்டில் கிடந்த சுருள் கல்லை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பார்கள்.