எஃப்.சி. 2016 வரை

வேனின் பக்கவாட்டில், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், மஞ்சள் பெயின்டில் எழுதிய நான்கு வரிகளை இன்னும் படிக்க முடிகிறது. எஃப்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ், டேக்ஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி. நான்குமே 2016-ஐத் தாண்டவில்லை. கதவில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தை யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். விட்டுப்போகிற அவசரத்திலும் அந்த ஒரு வேலைக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

திருப்பத்தூர் மாவட்டத்தில் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை என நான்கு நகராட்சிகள். அதில் ஒன்றில் ஒரு தெருமுனை. எது என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் விடியலில் இங்கேதான் டிபன் பையோடு நிற்கிறார்கள். இந்த வேனும் ஒரு காலத்தில் அந்த வேலை பார்த்ததுதான். எட்டிப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் கறுப்புத் தோல் துண்டு ஒன்று சுருண்டு கிடக்கிறது, ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டியதில் மிஞ்சியது. இன்றைய கம்பெனி வேன் வருகிறது. ஓரத்தில் இடமில்லாமல் நடுத்தெருவில் நின்று ஆள் ஏற்றுகிறது. பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதே இல்லை.

ஏழு மணிக்குத் தூய்மைப் பணியாளர் அம்மா வந்து வேனைச் சுற்றிப் பெருக்குகிறார். அடியில் துடைப்பம் போகாது. சருகு, பால் கவர், டீக்கப் எல்லாம் அங்கே அப்படியே சேர்ந்துகொண்டிருக்கின்றன. அவருக்குப் பிறகு கொசு ஒழிப்புப் பணியாளர். வீடு வீடாகத் தொட்டியும் டிரம்மும் ஃப்ரிட்ஜின் பின்தட்டும் பார்த்துக்கொண்டு வருகிறவர், வேனருகே குனிந்து, கழன்று கிடக்கும் டயருக்குள் டார்ச் அடிக்கிறார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பழைய டயரில் தேங்கிய மழைத் தண்ணீர் போதும். டயரைக் கவிழ்க்கிறார். கவிழாத மூலைக்கு அபேட் மருந்து. பிறகு வீட்டுச் சுவரில் எழுதுவது போலவே வேன் கதவில் சாக்பீஸால் தேதி போட்டுக் கையெழுத்தும் இடுகிறார். அதற்குக் கீழே பழைய தேதிகள் மங்கலாக. இந்த வண்டியை முறைவைத்து வந்து பார்க்கும் ஒரே அரசு ஊழியர் இவர்தான்.

"எத்தினி தபா சொல்லியாச்சு சார்" என்கிறார் எதிர் டீக்கடை மாஸ்டர், யாரும் கேட்காமலே. "நகராட்சில சொன்னா போலீஸ்ல சொல்லுன்றாங்க. அங்க போனா, ஓனர் யாருன்னே தெரியலயே, எப்டி எடுக்கறதுன்றாங்க. நீ இன்னா பண்ணுவ?"

சட்டத்தில் குழப்பமில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 127ஆவது பிரிவு: பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துப்போக, சீருடையில் இருக்கும் அந்தச் சரகத்துக் காவல் அதிகாரி அனுமதி கொடுக்கலாம். இழுவைச் செலவு உரிமையாளருடையது. பத்து மணி நேரம்! இந்த வேனின் முன்சக்கரத்தை ஒட்டி முளைத்த வேப்பங்கன்று இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

சரி, இழுத்துப்போய் எங்கே நிறுத்துவது? இந்த வட்டாரத்துக் காவல் நிலையம் ஒன்றின் சுற்றுச்சுவருக்குள் பார்த்தால் போதும். பாலாற்று மணலோடு பிடிபட்ட டிராக்டர். அதே மணலுக்குப் பிடிபட்ட மாட்டுவண்டி. மாடுகள் உடனே உரியவரிடம் போயாயிற்று. ஸ்டேஷனில் தீனி போட்டுப் பராமரிக்க யாரால் ஆகும்? வண்டி மட்டும் நுகத்தடி தரையில் ஊன்றி நிற்கிறது. கர்நாடகச் சரக்கு கொண்டுவந்த ஸ்கூட்டர்கள், விபத்தில் மூக்கு நசுங்கிய கார், நம்பர் பிளேட் இல்லாத டிவிஎஸ் 50கள். உப்புத் தோல் ஏற்றிய மினி லாரி ஒன்று மற்றவற்றை முந்திக்கொண்டு துருப்பிடித்திருக்கிறது. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பு கசிந்து தரைத் தகட்டையே தின்றுவிடும். வண்டிகளின் டேங்க் மேல் வெள்ளை பெயின்டில் குற்ற எண்ணும் வருடமும். மதுவிலக்கு வழக்கில் பறிமுதலான வண்டிகளையாவது அவ்வப்போது ஏலம் விடுகிறார்கள்; மற்றவை அசைவதில்லை. ஆர்.சி. புக் கையில் இருப்பவர் கோர்ட்டில் மனு போட்டு வண்டியை எடுத்துப் போய்விடுகிறார். வக்கீல் ஃபீசும் இன்ஷூரன்ஸ் பாக்கியும் சேர்ந்தால் வண்டி விலையைத் தாண்டுகிறதே என்று கணக்குப் பார்த்தவர்கள் வராமல் விட்டவைதான் இங்கே கிடக்கின்றன.

இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபர் 1-ம் தேதியே சொல்லிவிட்டது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு. சூரத்தில் காவல் நிலையத்தில் இருந்த வழக்குச் சொத்தை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று போலீஸ்காரர்கள் மீதே வந்த குற்றச்சாட்டு அது. கைப்பற்றிய பொருளைப் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைக்காதீர்கள். வண்டியென்றால் படம் எடுத்துக்கொண்டு, பிணை வாங்கிக்கொண்டு விடுங்கள். யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம் விடுங்கள் என்றது தீர்ப்பு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. பதினான்கு நாளில் சொத்து விவரம், பிறகு படமும் வீடியோவும், அதிலிருந்து முப்பது நாளில் உத்தரவு.

தெருமுனை வேனுக்கு இந்த வழியும் இல்லை. அதன் மீது வழக்கு இல்லை, புகார் இல்லை, குற்ற எண் இல்லை. குற்றம் செய்திருந்தால் ஒரு நீதிபதி முன்னாலாவது அதன் பெயர் வந்திருக்கும்.

ஆனால் வேன் அசையவே இல்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. முதலில் பேட்டரி போயிருக்கும், எப்போதும் அதுதான் முதலில் போகும். பிறகு ஸ்டெப்னி, ஹெட்லைட், ரேடியேட்டர், மூன்று சக்கரங்கள். போகாதது சேஸ். தூக்க முடியாத பாரம் என்பதல்ல காரணம். பக்கத்துத் தெருவில் காயலான் கடை வைத்திருக்கும் பாய் சொல்வது இது: "பழைய இரும்பு எது வந்தாலும் எட போட்டுக்குவேன்ணா. சேஸ் மட்டும் வேணாம். அதுல நம்பர் கீது. ஆர்.சி. இல்லாம அறுத்தா என்னத்தான் புடிப்பாங்க."

அந்த நம்பரை வைத்து ஆளைப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். ஆர்.டி.ஓ. பதிவில் இருப்பது முதலில் வாங்கியவர் பெயராக இருக்கும். அவர் கம்பெனி நொடித்ததும் விற்றிருப்பார். வாங்கியவர் டியூ கட்டாமல் போக, பைனான்ஸ்காரர் சீஸ் செய்திருப்பார். அவர் கைமாற்றிவிட்டிருப்பார். ஒவ்வொரு கைக்கும் ஒரு கையெழுத்துத் தாள், பெயர் மாற்றம் மட்டும் கிடையாது. எந்த வாசலில் போய் நோட்டீஸ் ஒட்டுவது?

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமைச் சீட்டே பத்து ஆண்டுக்குத்தான். அந்தக் காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைக் கழித்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். நம் சட்டத்திலும் 55ஆவது பிரிவு இருக்கிறது: ஓடவே லாயக்கற்றுப்போன வண்டியைப் பற்றிப் பதினான்கு நாளில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டியவர் உரிமையாளர். 2021இல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையங்களும் உண்டு. அங்கேயும் கேட்பது உரிமையாளரின் ஆவணத்தைத்தான்.

நகராட்சிக்குக் கிரேன் பிடிப்பது பெரிய காரியமில்லை. தூக்கிய பிறகு நாளை யாராவது உரிமை கேட்டு வந்தால் என்ன பதில் சொல்வது என்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, கெடு முடிந்ததும் ஏலம் விடுவதென்று நகராட்சியும் காவல் துறையும் ஆர்.டி.ஓ.வும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தால் ஒரு மதிய நேர வேலை. அந்த மேசையைப் போட வைக்கக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்வு நாளில் ஒரு மனு கொடுத்துப் பார்க்கலாம்.

பழைய வண்டி விற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்ற பதினான்கு நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 50ஆவது பிரிவு. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பரிவாகன் தளத்தில் உங்கள் பழைய நம்பரைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறாமலிருந்தால், அந்த வண்டி எந்தத் தெருமுனையில் நின்றாலும் இழுவைச் செலவு உங்கள் பெயருக்குத்தான் வரும்.