ஐந்து பாலம், மூன்று பருந்து

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டவேண்டும். தை முதல் வாரத்தில், கழுத்தில் பைனாகுலரோடு பைக்கில் வந்தவர் பாலத்துக்குப் பாலம் நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

வடவாற்றில் சிரமமில்லை. கறிக்கடைக்கு மேலே கள்ளப்பருந்துகள் வட்டமிட்டன. மங்கிய பழுப்பு உடல், நடுவில் பிளந்த வால். திரும்பும்போதெல்லாம் அந்த வாலைச் சுக்கான் மாதிரி முறுக்கின.

வெண்ணாற்றில் செம்பருந்து. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிறச் சிறகு. ஊரார் இதைத்தான் கருடன் என்பார்கள். 2020 பிப்ரவரி 5 அன்று பெரிய கோயில் குடமுழுக்கில் கூட்டத்தோடு நின்று அவரும் இதைத்தான் வானத்தில் தேடினார்.

குழப்பம் வெட்டாற்றில் தொடங்கியது. பழுப்பாக ஒன்று பறக்கக் கண்டு 'கள்ளப்பருந்து' என்று நோட்டில் எழுதிவிட்டார். வாலைப் பார்த்தால் பிளவே இல்லை, விசிறிபோல வளைந்திருந்தது. இளம் செம்பருந்து அது. வளரும்வரை செம்மையும் கிடையாது, வெள்ளையும் கிடையாது.

குடமுருட்டியைத் தாண்டியதும் முற்றிய சம்பா. கதிரை உரசுகிற மாதிரி இன்னொரு பழுப்புப் பறவை வந்தது. கொக்குகள் கலைந்து எழுந்தன. சிறகடிக்காமல் மிதக்கையில் இரண்டு சிறகையும் ஆழமில்லாத கிண்ணம்போல மேல்நோக்கித் தூக்கி வைத்திருந்தது. கள்ளப்பருந்தும் செம்பருந்தும் அப்படித் தூக்குவதில்லை. நீண்ட ஒடுங்கிய வால், வெண்ணெய் நிற உச்சந்தலை: சேற்றுப் பூனைப்பருந்தின் பெட்டை. வடக்கே ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு இங்கே வருவது.

"என்ன தம்பி, கருடனா?" என்றார் வரப்பில் நின்றவர்.

"இல்லைங்க ஐயா, பூனைப்பருந்து."

"அதானே பார்த்தேன். கருடன் இவ்வளவு தாழ வயலைத் துழாவாது. இது அறுப்பு முடிஞ்சு கொஞ்ச நாள்ல காணாமப் போயிடும்."

அவர் வயலில் எலிக்காக நட்டிருந்த பறவைத் தாங்கியில் கருந்தோள் பருந்து ஒன்று உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், சிவந்த கண். அது எழுந்து போய் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றதும் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆண் பூனைப்பருந்துகளிலும் சாம்பல் நிறத்தவை உண்டு. ஆனால் அவை இப்படி அந்தரத்தில் நிற்பதில்லை.

திருவையாற்றில் வாழையிலைத் துண்டில் அசோகா அல்வா வாங்கிக்கொண்டு காவிரிப் படித்துறையில் உட்கார்ந்தார். தலைக்கு மேலே ஒரு பழுப்புப் பறவை வாலை அகல விரித்தது. பிளவு இல்லை. இளம் செம்பருந்து என்று எழுதப் பேனாவைத் திறந்தார். விரித்த வாலின் இரு ஓரமும் கூராக இருந்தன. அடுத்த திருப்பத்தில் வால் சுருங்கியது, பிளவு தெரிந்தது. பேனாவை மூடிவிட்டு, கையில் வழிந்த நெய்யை நக்கினார்.