தேநீரில் வெந்த கஞ்சி

ஜப்பானில் படித்த நாட்களில் நான் அதிகம் உச்சரித்த சொல் 'வேண்டாம்' என்பதுதான்.

நாரா நகரில் ஒரு மூதாட்டியின் வீட்டில் அறையெடுத்துத் தங்கியிருந்தேன். 'ஒபாசான்' என்றே அவரை அழைப்பேன். பாட்டி என்று பொருள். கிழங்கு அவித்துக் கொண்டுவருவார். அதில் மிரின் கலந்திருக்கும். மிரின் என்பது சமையலில் சேர்க்கும் இனிப்பான அரிசி மது. 14 வீதமளவில் மதுசாரம் கொண்டது. மீன் சமைத்தால் அதில் 'சாக்கே' மது. காரணம் சொல்ல மொழி போதாமல் வெறுமனே மறுத்துவந்தேன். ஒருநாள் அவர் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டார். அன்று பட்ட வெட்கம் பெரிது.

சில வாரங்களின் பின், ஒரு குளிர்காலக் காலையில் கதவு தட்டப்பட்டது. கிண்ணத்தில் ஆவி பறக்கும் பழுப்பு நிறக் கஞ்சி. ஒபாசான் விரல் மடக்கி எண்ணினார்: "அரிசி, தேயிலை, தண்ணீர், உப்பு. வேறொன்றுமில்லை."

என்னோடு படித்த இந்தோனேசிய மாணவனிடம் எல்லாம் விசாரித்திருந்தாராம்.

அதுதான் 'சாகாயு'. வறுத்த தேயிலையைத் துணிப்பையில் கட்டிக் கொதிக்கவிட்டு, அந்தச் சாயத்தில் அரிசியை வேகவைப்பார்கள். அதிகம் துழாவக் கூடாது, பசையாகிவிடும். 710இல் தலைநகரான அந்தப் பழைய நகரின் எளிய காலை உணவு அது. தொட்டுக்கொள்ள, மது வடித்த மண்டியில் ஊறிய 'நாராசுகே' காயை வைப்பது வழக்கம். எனக்கு வைத்ததோ உப்பில் ஊறிய 'உமேபோஷி'.

உம்மா காய்ச்சும் நோன்புக் கஞ்சியின் தேங்காய்ப்பாலோ ரம்பை வாசமோ அதில் இல்லை. ஆனாலும் இரண்டாவது வாயில் தொண்டை அடைத்துக்கொண்டது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கடலில்லாத நாராவுக்கு மலை கடந்து வந்த உப்பு மீனைச் சோற்றின்மேல் வைத்து, காக்கி மரத்து இலையில் பொதிந்து அழுத்தும் 'காக்கினோஹா சுஷி', இலையை உண்பதில்லை. கோயாசான் மலை மடங்களின் 'கோமாதோபு'. பெயரில் தோபு இருந்தாலும் சோயா கிடையாது. அரைத்த எள்ளையும் குட்ஸு கிழங்கு மாவையும் நீரில் கரைத்து, கை ஓயக் கிண்டி உறைய வைப்பது. மேலே ஊற்றும் சாற்றில் மிரின் சேர்வதுண்டு. ஒபாசான் அதை விட்டுவிட்டு உப்புத் தூவினார்.

சுஷியும் ராமெனும் உலகமெங்கும் கிடைக்கின்றன. நாராவுக்குப் போகிறவர்கள் சாகாயுவைக் கேட்டுப் பாருங்கள். 'வேண்டாம்' என்பதற்கு முன்னர் 'இதில் என்ன இருக்கிறது' என்று கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுத்தந்தவர், நான் கேட்காமலே பதில் சொன்ன அந்த மூதாட்டிதான்.