துணை

அக்காவை நாங்கள் மூவரும் முறைவைத்து வெளியே அழைத்துச் சென்ற ஆண்டுகள் உண்டு. ஒருநாள் பேருந்தில் காரணமேயின்றி நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று அஞ்சி அவள் பாதிவழியில் இறங்கியதில் தொடங்கியது அது. இதயப் பரிசோதனைகளில் குறையேதும் தெரியவில்லை. ஆயினும் முதலில் பேருந்து, பின் கடைவீதி, பின் தெருமுனை என அவளது உலகம் சுருங்கி வாசற்படியோடு நின்றது. கையில் தண்ணீர் பாட்டில், பையில் மாத்திரை, பக்கத்தில் எங்களில் ஒருவர். இவையின்றி அவள் படியிறங்கியதில்லை. அதை நாங்கள் அன்பு என்றே நம்பியிருந்தோம்.

1871இல் பெர்லின் மருத்துவர் கார்ல் வெஸ்ட்ஃபால், சதுக்கங்களைக் கடக்க அஞ்சியவர்களைப் பற்றி எழுதி, அந்நோய்க்கு அகோராஃபோபியா என்று பெயரிட்டார். துணைக்கு ஒருவர் வந்தால் அவர்களது அச்சம் தணிந்தது என்பதையும் அவர் குறித்திருக்கிறார். அந்தத் தணிவே நோய்க்கு உரமாகவும் ஆகலாம் என்பது நாங்கள் பின்னால் அறிந்தது.

சிகிச்சையளித்த உளவியலாளர், அக்காவை ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். அவள் அஞ்சிய அதே படபடப்பு வந்தது, உச்சத்துக்கு ஏறியது, தானாகவே வடிந்தது. உடலின் சாதாரணத் துடிப்பை ஆபத்தின் அறிகுறியாகப் பிழைபடப் புரிந்துகொள்வதே பீதியை வளர்க்கிறது என்று 1986இல் டேவிட் கிளார்க் விளக்கியிருந்தார். அந்தப் பிழையை வாதத்தால் மட்டும் திருத்திவிட முடியாது. உடலே அனுபவித்து அறிய வேண்டும். எனவே எளியதிலிருந்து கடியதுக்கு ஒரு பட்டியல்: தெருமுனைக் கடை, கோயில், பேருந்தில் ஒரு நிறுத்தம்.

பிறகு அவர் எங்களிடம் திரும்பினார். "அவர் பத்திரமாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடுகிறது. இனி நீங்கள் விலக வேண்டும்" என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. இத்தனை ஆண்டு உழைப்பும் நோயின் பகுதிதானா?

பேருந்துக்கான நாளில் நிறுத்தம்வரை மட்டுமே சென்றோம். பேருந்து புறப்பட்டதும் படபடப்பு எங்களைப் பற்றிக்கொண்டது. வண்டியில் பின்தொடர முனைந்த தம்பியின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டோம். நாற்பது நிமிடம் கழித்து எதிர்ப்புறம் வந்து இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை.

"வந்துச்சு. இருந்துச்சு. போயிடுச்சு" என்றாள்.

இன்றும் சில நாள் அது வருகிறது என்கிறாள். அந்த நாட்களிலும் தனியாகவே போகிறாள். அவள் திரும்பும்வரை வாசலில் காத்து நிற்கும் பழக்கத்தை விட எங்களுக்குத்தான் இன்னும் ஓராண்டு பிடித்தது.