பார்சலோனா: வாடகை விருந்தாளிக்கு விடை

ஸ்பெயினின் பார்சலோனா நகரில், கடலை ஒட்டிக் கிடக்கிறது பார்சலோனெட்டா. மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வாழ்ந்த பேட்டை. பல வீடுகள் 300, 350 சதுர அடிதான். காயும் துணிகளுக்கு நடுவே, சுற்றுலா வீடுகள் வேண்டாம் என்று சொல்லும் பதாகைகள். கீழே தெருவில் சக்கரப் பெட்டிகளின் கடகட சத்தம்.

2014 ஆகஸ்டில் வெளிநாட்டு இளைஞர்கள் சிலர் இங்கே பட்டப்பகலில் நிர்வாணமாகத் திரிந்தபோது பேட்டையே தெருவில் இறங்கியது. 2024 ஜூலை ஊர்வலத்தில், உணவு விடுதிகளில் உட்கார்ந்திருந்த பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கி பாய்ந்தது. கோபத்தின் வேர் வாடகை. பத்தாண்டில் அது 68 சதவீதம் ஏறிவிட்டது என்று 2024 ஜூனில் கணக்குச் சொன்னார் மேயர் ஜவ்மா கொல்போனி. கூடவே அதிரடி அறிவிப்பு: நகரில் உரிமம் பெற்ற 10,101 சுற்றுலா வீடுகளில் ஒன்றுக்குக்கூட 2028 நவம்பருக்குப் பிறகு உரிமம் கிடையாது. இதற்கு வழிவிட்ட கட்டலோனிய மாநில அரசின் 2023ஆம் ஆண்டு ஆணை செல்லும் என்று 2025 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டஜன் கணக்கில் வீடு வைத்திருக்கும் கம்பெனிகள் வேறு தொழில் பார்த்துக்கொள்ளும். கடன் வாங்கி ஒரே ஒரு வீட்டை வாங்கி விட்டவர் பாடுதான் திண்டாட்டம். இதில் ஒரு வேடிக்கை. தானும் கூடவே குடியிருந்து ஓர் அறையை மட்டும் விட்டவர்களுக்குத்தான் முதல் அடி விழுந்தது. 31 நாளுக்குக் குறைவாக அறை விடுவதை நகரசபை 2021லேயே தடை செய்துவிட்டது. அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுத்தது அவர்களா என்ன?

குடும்பத்தோடு போகும் இந்தியர்களுக்கும் இழப்பு உண்டு. ஐந்து பேர் ஒரே கூரையின் கீழ் தங்கி, குக்கரில் சாதம் வைத்துக்கொள்ளும் வசதி ஓட்டலில் கிடைக்காது. இரண்டு அறை எடுத்தாக வேண்டும். அதுவரை பதிவு செய்பவர்கள், விளம்பரத்தில் 'எச்யுடிபி' என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. விதிமீறல் என்று கூறி, ஏர்பிஎன்பி தளத்தில் நாடு முழுவதற்குமான 65,935 விளம்பரங்களை நீக்கும்படி 2025 மே மாதம் ஸ்பெயின் அரசு உத்தரவிட்டது.

2028க்கு முன்பே, 2027 மே மாதம் நகரசபைத் தேர்தல். பால்கனிப் பதாகைகளை இறக்க யாருக்கும் அவசரமில்லை.