தீர்வதும் முடிவதும்

சீனி, கோதுமை மா, மண்ணெண்ணெய் என்று வீட்டில் எது காலியானாலும் இலங்கையின் கல்முனைக் கரையில் நாங்கள் சொல்வது 'முடிஞ்சிட்டு' என்பதுதான். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை எந்தக் குசினியிலும் இதைக் கேட்கலாம். எழுத உட்காரும்போதுதான் 'தீர்ந்துவிட்டது' வருகிறது. இரண்டும் ஒன்றென்று எண்ணுகிறோம், ஒன்றல்ல.

முடிதல் பொருளைப் பற்றி மட்டுமே சொல்கிறது: இருந்தது, இப்போது இல்லை. தீர்தல் மனிதரையும் சேர்த்துச் சொல்கிறது. பசி தீர்கிறது, நோய் தீர்கிறது, கடன் தீர்கிறது, வழக்குத் தீர்கிறது. குடத்துத் தண்ணீர் தீர்வதற்கும் குடித்தவரின் தாகம் தீர்வதற்கும் வினை ஒன்றே. தாகம் 'முடிந்தது' என்று எவரும் சொல்வதில்லை. ஒரு பொருள் இல்லாமற்போவதும் ஒரு தேவை நிறைவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதைத் தமிழின் பெரிய அறமாகவே நான் பார்க்கிறேன்.

'செலவழித்தல்' அப்படியல்ல. செல்வதுதான் செலவு, பழந்தமிழில் செலவு என்றால் பயணம். பொருள் தேடிப் புறப்படவிருந்த தலைவன் தயங்கி நிற்பதற்குச் 'செலவழுங்குதல்' என்றே ஒரு துறை உண்டு. கையை விட்டுப் போகும் பணத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. அழித்தல் அதனோடு ஒட்டிக்கொண்டது. போனது என்ன என்று அந்தச் சொல் காட்டும். அதனால் யாருக்கு என்ன தீர்ந்தது என்று காட்டாது.

இந்த வேறுபாட்டை நாடே அனுபவித்த ஆண்டு 2022. 2019 முடிவில் சுமார் 760 கோடி டொலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துபோனது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. மே மாதத் தொடக்கத்தில், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அத்தனை டொலரும் முடிந்தது, கடன் தீரவில்லை.

அந்த ஏப்ரலில்தான் எங்களுக்கு ரமழான் நோன்பு. எரிவாயு சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. எரிபொருள் இல்லாமல் கடலுக்குப் போக முடியாத தோணிகள் கரையில் கிடந்தன. இரசாயன உர இறக்குமதியை 2021இல் தடைசெய்ததால் விளைச்சலும் விழுந்திருந்தது. சம்மாந்துறை வயல்வெளிகளை நம்பிச் சோறுண்ணும் எங்கள் பக்கத்துக்கு அது பேரிடி. ஆனாலும் நோன்புக் கஞ்சி நிற்கவில்லை. அரிசியும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் உள்ளியும் சேர்ந்த ஒரு சட்டிக் கஞ்சி, எத்தனையோ வீடுகளின் நோன்பைத் திறக்கும். சட்டியில் கஞ்சி தீரும்போது ஊரில் பசி தீர்ந்திருக்கும்.

'பரக்கத்' என்று எங்கள் வீடுகளில் சொல்வதை நான் விளங்கிக்கொண்டிருப்பது இப்படித்தான்: பொருள் கொஞ்சமாக இருந்தும் தேவை பல தீர்வது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் தொழுகைக்கு முன் வுழூச் செய்யும் தண்ணீரை வீணாக்காதே என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. அந்தக் கண்டிப்பு கஞ்சத்தனத்துக்காக அல்ல. யாருடைய தாகத்தையும் தீர்க்காமல் ஓடிப்போகும் தண்ணீர் வெறுமனே முடிந்துபோகிறது என்பதற்காக.

இப்போது கடைகளில் சாமான் நிறைந்திருக்கிறது, வரிசைகள் மறைந்துவிட்டன. கலியாண வீடுகளிலும் இப்தார் விருந்துகளிலும் மீந்த சோறு மறுபடியும் குப்பைக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. நம் கையில் இருக்கும் எதுவும் ஒருநாள் இல்லாமல் போகத்தான் போகிறது. போகும்போது யாரோ ஒருவருடைய பசியையோ கடனையோ தீர்த்துவிட்டுப் போகட்டும். அடுத்த முறை வீட்டில் ஒன்று 'முடிஞ்சிட்டு' என்று சொல்லும்போது, அதனால் என்ன தீர்ந்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.